கோடு வரைபவரும் தீர்ப்புக் கூறுபவரும்

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்திலே கிறீன்ஸ்பறோ என்றொரு நகரம் உண்டு. அந்நகரின் விவசாய, தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த கறுப்பின மாணவர் நால்வர் 1960ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, வெள்ளையர்க்கு மட்டுமே பரிமாறப்பட்ட ஒரு கடையின் சிற்றுண்டிப் பகுதியிற் சென்று அமர்ந்தனர். கேட்ட கோப்பி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. எழுந்து போகவும் அவர்கள் மறுத்தனர். சில வாரங்களுள் தென் மாநிலங்கள் பலவற்றில் மாணவர்கள் அவ்வாறே அமரத் தொடங்கினர். அக்கல்லூரி பின்னர் பல்கலைக்கழகமாயிற்று. 2016ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றம் பிரதிநிதிகள் சபைக்கான தொகுதிகளைப் புதிதாக வகுத்தபோது, அப்பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே ஒரு கோட்டினை வரைந்தது. கோட்டிற்கு இப்புறத்தில் வாழும் மாணவன் ஆறாந் தொகுதியினன். அப்புறத்தில் வாழ்பவன் பதின்மூன்றாந் தொகுதியினன். ஒரே விரிவுரை மண்டபத்தில் அருகருகே அமர்ந்திருந்தோர் தேர்தலன்று வெவ்வேறு தொகுதியினராயினர். இரு தொகுதிகளிலும் அவர்களுட் பெரும்பாலானோர் விரும்பாத கட்சியே வென்றது.

கோப்பி மறுக்கப்பட்ட தலைமுறையின் பேரர்க்கு வாக்குச்சீட்டு மறுக்கப்படவில்லை. அவர்கள் வாக்களித்தனர், வாக்குகள் எண்ணப்பட்டன. எண்ணியதிற் பிழை இருந்ததாக எவரும் கூறவில்லை. ஆயினும் தமக்கு ஏதோ ஓர் அநீதி இழைக்கப்பட்டதென்று அம்மாணவர் உணர்ந்தனர். அவ்வநீதி யாது? அதனை நீக்குதல் நீதிமன்றத்தின் கடமையா, அன்றா? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய விரும்புகின்றேன்.

முதலில், செய்தவர் என்ன கூறினார் என்பதைக் கேட்போம். அத்தொகுதி வகுப்பிற்குப் பொறுப்பாயிருந்த குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் லூயிஸ், மாநிலத்தின் 13 ஆசனங்களில் 10 தம் கட்சிக்கும் 3 சனநாயகக் கட்சிக்கும் கிடைக்குமாறு எல்லைகளை வரையவேண்டும் என்று குழுக் கூட்டத்திலே வெளிப்படையாகவே முன்மொழிந்தார். ஏன் பத்து? பதினொன்றும் இரண்டுமாக வரைவது இயலுமென்று தமக்குத் தோன்றவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். அவ்வாண்டுத் தேர்தலில் அவரது கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 53. பெற்ற ஆசனம் சரியாகப் பத்து. சோதிடரும் இத்துணைத் துல்லியமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

களவு செய்பவன் இருளை நாடுவதே வழக்கம். இவரோ பட்டப்பகலிற் கூட்டக் குறிப்பேட்டிற் பதியும்படி பேசினார். அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வரைபடத்தின் இரு தொகுதிகள் இன அடிப்படையில் வகுக்கப்பட்டவை எனச் சமஷ்டி நீதிமன்றம் 2016 பெப்ரவரியிலே தள்ளியிருந்தது. இனத்தின் பெயரால் வகுத்தாற் குற்றம்; கட்சியின் பெயரால் வகுத்தாற் குற்றமன்று என்பது அவர் கணிப்பு. ஆகவே கட்சி நலமே தம் நோக்கமெனக் கூறுதல் அவருக்கு ஒப்புதல் வாக்குமூலமாக இருக்கவில்லை. அதுவே அவரது எதிர்வாதம். மூன்றாண்டுகளின் பின் நாட்டின் உயர் நீதிமன்றம் அக்கணிப்புப் பிழையன்று என்று காட்டிற்று.

இத்தொழில் புதியதன்று. 1812ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநில ஆளுநராயிருந்த எல்பிரிட்ஜ் கெரி, தம் கட்சியினர் மாநிலச் செனற் சபைக்காக வகுத்த தொகுதிகளுக்கு ஒப்பமிட்டார். அவற்றுள் ஒன்று வளைந்து நெளிந்து கிடந்த தோற்றத்தைக் கண்ட பொஸ்ரன் பத்திரிகையொன்று அதற்குச் சிறகும் நகமும் வைத்துச் சித்திரமாக வெளியிட்டது. சலமண்டர் என்பது பல்லியை ஒத்த ஒரு பிராணி. ஆளுநரின் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒட்டி ‘ஜெரிமாண்டர்’ என்னும் சொல் பிறந்தது. அத்தேர்தலிற் கெரியின் கட்சி மொத்த வாக்கிற் சற்றுக் குறைவாகப் பெற்றும் 40 ஆசனங்களில் 29ஐப் பெற்றது. கெரிக்கு அச்சட்டத்தில் விருப்பம் இருக்கவில்லை என்றே சொல்லப்படுகின்றது. ஆயினும் கையொப்பம் அவருடையது. சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவரும் அவரே என்பதை இன்று நினைப்பார் சிலரே. அவர் பெயரின் முதலெழுத்தும் ககர ஒலி இழந்து இன்று வேறாக ஒலிக்கின்றது.

செய்முறையை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். இருபத்தைந்து வாக்காளர் உள்ள ஓர் ஊரை ஐவர் ஐவராக ஐந்து வட்டாரங்களாய்ப் பிரித்தல் வேண்டும் என்க. ஒரு கட்சியை ஆதரிப்போர் பதினைவர். மற்றதை ஆதரிப்போர் பதின்மர். இச்சிறிய கட்சியினரின் கையிற் பேனா கொடுக்கப்படுகின்றது. அவர்கள் எதிரணியினர் ஐவரை ஒரு வட்டாரத்திலும் நால்வரை இன்னொரு வட்டாரத்திலும் திணித்துவிடுவர். எஞ்சிய அறுவரை இருவர் இருவராக மூன்று வட்டாரங்களிற் சிதறடிப்பர். அம்மூன்றிலும் தாம் மூவராய் நிற்பர். பத்துப் பேர் மூன்று வட்டாரங்களை வென்றனர். பதினைந்து பேர் இரண்டை வென்றனர். எவருடைய வாக்கும் திருடப்படவில்லை. திணித்தலும் சிதறடித்தலும் ஆகிய இவ்விரண்டே இத்தொழிலின் முழு இரகசியம். அன்று கைவரைபடத்திற் செய்ததை இன்று கணினி வீதிவீதியாகச் செய்கின்றது என்பதே வேறுபாடு.

இனி அநீதி எங்கே உள்ளது என்று நோக்குவோம். வாக்கு விகிதத்திற்கும் ஆசன விகிதத்திற்கும் இடையே உள்ள இடைவெளியே அநீதி என்று பலர் விடை கூறுவர். அவ்விடை போதாது. கெரியின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே குடியரசுக் கட்சியின் ஆதரவாளர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். ஆயினும் 1996ஆம் ஆண்டு முதல் ஒருவரையேனும் அவர்கள் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்ப முடியவில்லை. சதியா? கணித அறிஞர் ஆராய்ந்து பார்த்தனர். அக்கட்சியினர் மாநிலமெங்கும் ஒரு சீராகப் பரந்து வாழ்வதால், அண்மைக் காலத் தேர்தல்கள் சிலவற்றின் வாக்குக் கணக்கின்படி, எவ்வாறு கோடு வரைந்தாலும் ஒரு தொகுதியைத்தானும் அவர்களுக்கு ஆக்கிக் கொடுக்க இயலாது எனக் கண்டனர். அங்கு குறை தனியுறுப்பினர் தொகுதி முறையிலே உள்ளது. வரைந்தவன் நெஞ்சில் இல்லை. அக்குறையும் திருத்தப்படவேண்டியதே. ஆயின் மழையினால் வீடு இடிவதும் அயலவன் இடிப்பதும் ஒன்றாகா.

வடிவமும் சான்றாகாது. சிக்காகோ நகரில் இரு துண்டுகளை மெல்லிய நூலால் இணைத்தாற்போன்ற ஒரு தொகுதி நெடுங்காலம் இருந்தது. பார்வைக்கு விகாரமானது; ஆனால் லத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களுக்கு ஒரு குரல் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு வகுக்கப்பட்டது. அதற்கு மாறாக, செவ்வனே வெட்டிய பாத்தி போன்ற தொகுதிகளும் வஞ்சகமாக இருத்தல் கூடும்.

அநீதி வேறிடத்தில் உள்ளது என்பது என் கருத்து. தேர்தல் என்பது ஆள்வோர்மீது மக்கள் கூறும் தீர்ப்பு. தீர்ப்பிற்கு உள்ளாக வேண்டியவரே யூரியைத் தெரிவுசெய்து இருக்கை ஒழுங்கும் செய்வாராயின் அத்தீர்ப்பிற்கு என்ன பொருள்? தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாதல் கூடாது என்பது எந்தச் சட்டநூலினும் பழைய நியாயம். இதனினும் ஆழமான தீங்கு ஒன்றுண்டு. ஒரு கட்சி தன் கொள்கையை எடுத்துரைத்து மக்களின் மனத்தை மாற்ற முயலலாம். தோற்றால் மீண்டும் முயலலாம். கோடு வரைபவன் அம்முயற்சியைத் தேவையற்றதாக்கி விடுகின்றான். மக்களின் மனத்தை மாற்றுவதற்குப் பதில் அவன் மக்களையே இடம் மாற்றுகின்றான். வீட்டு வாயிலைவிட்டு ஓரடி நகராமலே அவர்கள் இடம் மாற்றப்படுகின்றனர். இவ்வீதியில் உள்ளோர் இப்படியே வாக்களிப்பர், நாளையும் அப்படியே என்ற கணிப்பின் மேலேயே அவனுடைய கோடு நிற்கின்றது. சிந்தித்து, வாதித்து, மனம் மாறக்கூடிய ஒரு பிறவியாக வாக்காளன் அங்கே கருதப்படுவதில்லை. மாணவனுக்கு மனம் மாறும் ஆற்றல் இல்லையென்று முன்கூட்டியே முடிவுசெய்த ஆசிரியனை நாம் ஆசிரியன் என்போமா?

இது ஒரு கட்சியின் பாவமென எண்ணுதல் தவறு. மேரிலாந்து மாநிலத்திற் சனநாயகக் கட்சியினர் 2011இல் இதையே செய்தனர். நெடுங்காலம் எதிர்க்கட்சியிடம் இருந்த ஆறாந் தொகுதியை இலட்சக்கணக்கான மக்களை வெளியேற்றியும் உள்ளே கொணர்ந்தும் மாற்றியமைத்து, அடுத்த தேர்தலிலேயே கைப்பற்றினர். அப்போது ஆளுநராயிருந்தவர் அதுவே நோக்கம் என்பதைப் பின்னர் நீதிமன்ற வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார்.

இனி நீதிமன்றத்திற்கு வருவோம். 1946ஆம் ஆண்டு இலினோய் மாநிலத் தொகுதிகளின் சமமின்மை பற்றிய வழக்கொன்று உயர் நீதிமன்றத்தை எட்டியபோது, நீதியரசர் பீலிக்ஸ் பிராங்பேட்டர் இத்தகைய விடயங்களை அரசியற் புதர்க்காடென வருணித்தார். நீதிமன்றம் அதனுட் கால் வைத்தலாகாது என்றார். அவர் பிற்போக்காளர் அல்லர். தொழிலாளர் நலச் சட்டங்களை நீதிபதிகள் கட்டுமீறித் தள்ளியதை இளமையிற் கண்டு வெகுண்டவர். ஆகவே நீதிபதிகளின் கை நீளுவதை அவர் அஞ்சினார். அவ்வச்சத்தை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது.

ஆனால் அதே பிராங்பேட்டரின் முன்னிலைக்கு 1960இல் அலபாமாவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. ரஸ்கீகி என்னும் சிற்றூரில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். அவர்களுள் வாக்காளராகப் பதிவு பெறுவோர் தொகை மெல்ல மெல்லப் பெருகிற்று. 1957இல் மாநிலச் சட்டமன்றம் சதுரமாயிருந்த நகரெல்லையை 28 பக்கங்களையுடைய ஓர் உருவமாக்கியது. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளருள் நால்வரோ ஐவரோ ஒழிய ஏனையோர் எல்லோரும் நகருக்கு வெளியே நின்றனர். வெள்ளை வாக்காளர் ஒருவரும் வெளியேறவில்லை. கறுப்பின மக்களின் புகழ்பெற்ற ரஸ்கீகிக் கல்விநிலையமும் வெளியே தள்ளப்பட்டது. வழக்குத் தொடுத்தவர்களின் தலைவர் சாள்ஸ் கொமிலியன் அக்கல்விநிலையத்தில் சமூகவியல் கற்பித்த ஆசிரியர். நீதிமன்றத்திற்குப் போனதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வெள்ளை வணிகரின் கடைகளிற் பொருள் வாங்க மறுக்கும் இயக்கத்தை அவ்வாண்டிலேயே தொடங்கினர். கடைகள் பல மூடப்பட்டன. உயர் நீதிமன்றம் ஏகமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பிராங்பேட்டரே. புதருக்குள் நுழையேன் என்றவர் நுழைந்தார். இது புதரன்று, வெறும் எல்லைக்கோட்டின் வேடம் பூண்ட இனப்பாகுபாடு என்பது அவரது நியாயம். கோடு என்னும் நடுநிலைச் சொல்லுக்குப் பின்னால் நிகழ்வதைக் காண நீதிபதிக்குக் கண் உண்டு என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

1962இல் ரெனெசி மாநில வழக்கு வந்தது. அங்கே 1901ஆம் ஆண்டுக்குப் பின் தொகுதிகள் திருத்தப்படவே இல்லை. கிராமங்கள் வெறுமையாகி நகரங்கள் நிரம்பியும் ஆசனங்கள் பழைய இடத்திலேயே இருந்தன. திருத்தவேண்டியவர் யார்? அப்பழைய பங்கீட்டினாலே பதவி பெற்ற உறுப்பினர்கள். வேலியே பயிரை மேயும்போது வேலியிடம் முறையிடுவதால் யாது பயன்? நீதிமன்றம் இவ்விடயத்தை விசாரிக்கலாம் என்று அறுவர் கூறினர். மறுத்த இருவருள் பிராங்பேட்டர் ஒருவர். ஈராண்டுகளின் பின், அலபாமாச் செனற் சபையில் ஒரு தொகுதியின் சனத்தொகை இன்னொன்றினதைப்போல் 41 மடங்காயிருந்த வழக்கிலே, பிரதம நீதியரசர் ஏர்ல் வோறன் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் விதியை நிலைநாட்டினார். உறுப்பினர் மக்களின் பிரதிநிதிகளேயன்றி மரங்களின் பிரதிநிதிகளோ நிலப்பரப்பின் பிரதிநிதிகளோ அல்லர் என்பது அவர் கருத்தின் சாரம். இதே வோறன் 1948இற் கலிபோர்னிய ஆளுநராயிருந்தபோது அம்மாநிலச் செனற் சபையின் சமமற்ற பங்கீட்டை மாற்றுவதை எதிர்த்தவர். தாம் அன்று கொண்டிருந்த நிலை தவறென்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இருக்கும் இருக்கை பார்வையை மாற்றும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

சனத்தொகையாற் சமமான தொகுதிகளை வைத்துக்கொண்டே திணிக்கவும் சிதறடிக்கவும் முடியும் என்பதை நமது இருபத்தைவர் ஊரிலே கண்டோம். ஆகவே வோறனின் விதி வாயிலைக் காத்தது. சாளரம் திறந்தே கிடந்தது. கட்சி நலத்துக்காக வகுத்தலும் அரசியலமைப்பிற்கு முரணாகலாம் என்று 1986இல் நீதிமன்றம் கூறிற்று. ஆயின் அளவுகோல் ஒன்றும் தரவில்லை. 2004இலும் இழுபறியே. ஈற்றில் 2019ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி, வட கரோலைனா, மேரிலாந்து ஆகிய இரு வழக்குகளையும் சேர்த்து நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கிற் கதவை அடைத்தது. கட்சி நலத் தொகுதி வகுப்புப் பற்றிய முறைப்பாடுகளைச் சமஷ்டி நீதிமன்றங்கள் விசாரிக்கமாட்டா.

பிரதம நீதியரசர் ஜோன் றொபேட்ஸின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைத்தல் நமது கடமை. விளைவு அநீதியாகத் தோன்றுவதை அவர் மறுக்கவில்லை. ஆனால் நீதியான வரைபடம் எது? வாக்கு விகிதப்படி ஆசனம் தருவதா? போட்டி மிகுந்த தொகுதிகளை ஆக்குவதா? ஊர்களையும் மாவட்டங்களையும் பிளவாது காப்பதா? ஒவ்வொன்றும் ஒரு நியாயம். ஒன்றை நாடினால் மற்றது கெடும். எதனைத் தேர்வதென்று அரசியலமைப்புச் சொல்லவில்லை. மக்களால் தெரியப்படாத நீதிபதிகள் அதனைத் தேர்வது நீதியன்று, அங்கி பூண்ட அரசியல் ஆகும். பரிகாரம் மாநிலங்களிடமும் காங்கிரசிடமும் உண்டு என்பது அவர் முடிவு.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. முடிவு அதிலிருந்து பெறப்படுவதன்று. குழம்பிற்கு எவ்வளவு உப்பிடவேண்டும் என்பதில் ஒரு வீட்டார்கூட உடன்படார். அதனாற் கடல்நீரைக் குழம்பென்று பரிமாறலாமா? உத்தமமான வரைபடம் எதுவென்று அறியாமலே அக்கிரமமானது எதுவென்று அறிதல் இயலும். வட கரோலைனா வழக்கிலே டியூக் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜொனதன் மற்றிங்லி இதனைச் செய்தே காட்டியிருந்தார். கட்சி எதுவென்று பாராது, சனத்தொகைச் சமன், ஊர் பிளவாமை முதலிய பொது விதிகளை மட்டும் கைக்கொண்டு 24,000இற்கு மேற்பட்ட வரைபடங்களைக் கணினி வாயிலாக ஆக்கினார். அவற்றில் 2016இல் மக்கள் அளித்த வாக்குகளை இட்டுப் பார்த்தபோது, பத்துக்கு மூன்று என்னும் விளைவு நூற்றுக்கு ஒன்றிற்கூட வரவில்லை. இவ்வளவுகோல் எவரது அரசியல் விருப்பத்திலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. அம்மாநிலத்தின் நிலவமைப்பிலிருந்தும் அதன் சொந்த விதிகளிலிருந்துமே எடுக்கப்பட்டது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் எலேனா கேகன் இதனையே எடுத்துக்காட்டினார். தம் தீர்ப்பின் சாரத்தை அவர் மன்றிலே வாய்விட்டு வாசித்தார். அங்கே அது அரிதாக நிகழ்வது.

பரிகாரம் சட்டமன்றத்திடம் உண்டு என்பதோ 1962இற் கேட்ட வேலியின் கதையே. தீங்கினாற் பதவி பெற்றவரிடம் தீங்கை நீக்கும்படி அனுப்புதல் நடுநிலைமையாகத் தோன்றலாம். ஒருவன் மற்றொருவனின் கையைப் பிடித்து முறுக்கும்போது, இருவருக்கும் இடையே தலையிடேன் என்று விலகி நிற்பவனும் ஒரு முடிவையே எடுத்துள்ளான்.

அம்முடிவின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. தென் கரோலைனா வழக்கொன்றிற் கறுப்பின வாக்காளர் பல்லாயிரவர் ஒரு தொகுதியிலிருந்து அகற்றப்பட்டனர். நாம் அகற்றியது கறுப்பரையன்று, சனநாயகக் கட்சியினரை என்றனர் வகுத்தோர். அம்மாநிலத்திற் கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் அக்கட்சிக்கே வாக்களிப்பதால் இவ்விரண்டையும் எங்ஙனம் பிரிப்பது? 2024 மே மாதம் உயர் நீதிமன்றம், அறுவர்க்கு மூவராய், பிரித்துக் காட்டும் சுமையை முறையிட்டோர்மீதே ஏற்றிற்று. ரஸ்கீகியின் 28 பக்க உருவத்தை இன்று வரைபவர் எவரும் இனம் என்ற சொல்லை உச்சரிக்க வேண்டியதில்லை. கட்சி என்று சொன்னாற் போதும்.

நடுநிலையான சொற்களுக்குப் பின்னாற் பார்க்க மறுக்கும் நீதிமன்றம் என்றவுடன் நம் நாட்டு வழக்கொன்று நினைவிற்கு வருகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேரின் வாக்குரிமையைப் போக்கின. 1947இல் ஏழு பிரதிநிதிகளை அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. உறுவன்வெலைத் தொகுதி இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி கோடாக்கன்பிள்ளை என்பவர் கோரிய வழக்கு, சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தந்த சிறுபான்மைக் காப்பினை ஆதாரமாகக் கொண்டது. நமது உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 1953இல் இலண்டனிலே பிரிவிக் கவுன்சிலும் தள்ளியது. தன் பிரசைகள் யாவர் என வரையறுக்க எந்நாட்டிற்கும் உரிமையுண்டு. சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லவில்லை. வாசகம் சொல்லவில்லை என்பது உண்மையே. லூயிஸின் வரைபடத்திலும் எவர் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதன் தொடர்ச்சி தொகுதி நிர்ணயத்துக்கு நேரே இட்டுச்செல்வது. சோல்பரி முறையிலே 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும் ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் ஒரு மேலதிக ஆசனமும் வழங்கப்பட்டன. மரத்திற்கும் நிலப்பரப்பிற்கும் ஆசனமா என வோறன் வினவியிருப்பார். ஆயின் மக்கள் செறிவு குறைந்த பகுதிகளில் வாழும் சிறுபான்மையினர்க்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்பதே அவ்வேற்பாட்டிற்குக் கூறப்பட்ட காரணம். எண்ணிக்கைச் சமத்துவம் ஒன்றே நீதியின் முழு உருவமென நான் கருதாமைக்கு இதுவும் ஒரு காரணம். கொடுமை பின்னர் நிகழ்ந்தது. வாக்குரிமை இழந்த தொழிலாளர் வாக்காளராக எண்ணப்படவில்லை. தொகுதிகளை நிர்ணயிக்கும்போதோ மக்களாக எண்ணப்பட்டனர். அவர்களுடைய தலைகளின் பேரில் மலைநாட்டிற் கிடைத்த ஆசனங்களை வேறு சிலர் நிரப்பினர். மண்ணைக் கொத்தி மரத்தை வளர்த்தவன் மரத்தோடு மரமாய் எண்ணப்பட்டான். அவர்களுள் எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

அவ்வாறாயின் நீதிமன்றமே கதியா? இவ்விடத்தில் என் வாதத்திற்கு எதிராக நிற்கும் செய்தியொன்றை மறைத்தல் முறையன்று. சமஷ்டி நீதிமன்றம் கதவடைத்த பின்னர் மாநில நீதிமன்றங்கள் தத்தம் மாநில அரசியலமைப்பின்படி இவ்வழக்குகளை ஏற்றன. பென்சில்வேனியாவிலே 2018ஆம் ஆண்டிலேயே மாநில உயர் நீதிமன்றம் புதிய வரைபடத்தை விதித்தது. 13க்கு 5 ஆக இருந்த ஆசனங்கள் அவ்வாண்டுத் தேர்தலில் 9க்கு 9 ஆயின. கிறீன்ஸ்பறோ வளாகத்தைப் பிளந்த கோடும் மாநில நீதிமன்றம் 2019இல் தலையிட்டதாலேயே அழிந்தது. ஆனால் வட கரோலைனாவில் நீதிபதிகளும் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்பவர்கள். 2022 பெப்ரவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம், நால்வர்க்கு மூவராய், கட்சி நல வகுப்பு மாநில அரசியலமைப்பிற்கு முரணென்றது. நவம்பர்த் தேர்தலில் மன்றத்தின் பெரும்பான்மை கைமாறிற்று. 2023 ஏப்பிரலில், ஐவர்க்கு இருவராய், அதே வழக்கை மீள விசாரித்துத் தீர்ப்பைத் தலைகீழாக்கினர். அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2022இல் ஏழுக்கு ஏழாயிருந்த ஆசனங்கள், புதிய வரைபடத்தின்படி 2024இற் பத்துக்கு நான்காயின.

பிராங்பேட்டரின் அச்சம் இங்கே உயிர்த்தெழுகின்றது. அங்கி அணிந்தவர் அனைவரும் வானத்திலிருந்து இறங்கியவரல்லர். அவர்களும் ஒரு சமூகத்தின், சில வேளைகளில் ஒரு கட்சியின், பிள்ளைகளே. ஆயினும் நான் றொபேட்ஸின் பக்கம் சாயமாட்டேன். நீதிபதி தவறலாம் என்பதால் நீதி வழங்கலாகாது என்று முடிவுகட்டினால் எல்லா வழக்குகளையும் அன்றே மூடிவிட வேண்டும். கறுப்பினத்தவர் வாக்கைப் பற்றிய வழக்கை நீதிமன்றம் 1960இல் ஏற்றதும், நம் தொழிலாளரின் வழக்கை 1953இற் தள்ளியதும் ஒரே இயல்புடைய மனிதர் செய்தவையே. ரஸ்கீகியில் அத்தீர்ப்பிற்கு முன்பே ஓர் ஊரார் மூன்றாண்டுகள் கடைகளைப் புறக்கணித்து நின்றனர் என்பதை மறந்து அத்தீர்ப்பினை விளங்கிக்கொள்ளல் இயலாது.

மிச்சிகன் மாநிலத்திலே பொதுமக்கள் தாமே கையொப்பம் திரட்டி, 2018இற் சர்வசன வாக்கெடுப்பின் மூலம், தொகுதி வகுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து பறித்து 13 சாதாரண பிரசைகள் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுத்தனர். நால்வர் ஒரு கட்சியினர். நால்வர் மற்றக் கட்சியினர். ஐவர் எக்கட்சியையும் சாராதவர். அக்குழுவும் பிழை செய்தது. டெற்றொயிட் பகுதியில் அது வகுத்த தொகுதிகள் சிலவற்றை இனக் காரணத்தால் 2023 டிசெம்பரிற் சமஷ்டி நீதிமன்றம் தள்ளிற்று. குழு மீண்டும் வகுத்தது. பிழையைத் திருத்துவதில் அவர்களுக்கு இழக்க ஆசனம் ஏதும் இருக்கவில்லை.

கலிபோர்னியா இத்தகைய குழுவொன்றினை 2008இலேயே அமைத்து, 2010இற் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளையும் அதனிடம் ஒப்படைத்திருந்தது. 2025 ஓகஸ்ற் மாதத்தில் ரெக்சாஸ் மாநிலம், பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமலே, குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து ஆசனங்களை ஈட்டும் நோக்குடன் தன் தொகுதிகளைத் திருத்தி வரைந்தது. அதனைத் தடுக்க அம்மாநிலத்துச் சனநாயகக் கட்சி உறுப்பினர் மாநிலத்தை விட்டே வெளியேறிச் சட்டமன்றத்தை நடைபெறாமற் செய்தனர். சில நாள்களுக்கே அது பயன்பட்டது. டிசெம்பரில் உயர் நீதிமன்றம் அவ்வரைபடத்தைப் பயன்படுத்த இடமளித்தது. பதிலடியாகக் கலிபோர்னிய மக்கள், நவம்பர் 4ஆந் திகதிய வாக்கெடுப்பிற் பெரும்பான்மையாக, தம் ஆணைக்குழுவின் வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்து, மறுகட்சியின் ஐந்து ஆசனங்களைக் குறிவைக்கும் வரைபடத்தை ஏற்றனர்.

ரெக்சாஸ் செய்ததைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க வேண்டுமா என்று வினவும் நண்பர்களிடம் எனக்கு ஆயத்தமான விடை இல்லை. நடுவர் களத்தை விட்டுப் போனபின் ஒருவன் மட்டும் விதியைப் பேணிக்கொண்டிருப்பது இயலுமா என்பது சாதாரண வினாவன்று. கலிபோர்னியாவில் மக்களிடமே கேட்கப்பட்டது. ரெக்சாசிற் கேட்கப்படவில்லை என்பதும் சிறிய வேறுபாடன்று. ஆயினும் கலிபோர்னியாவின் வடகோடியில் மாடு வளர்த்து வாழும் ஒருவனை நினைத்துப் பார்க்கின்றேன். அவனது மாவட்டம் இப்போது நெடுந்தொலைவிலுள்ள கரையோர நகரத்தாரோடு கோர்க்கப்பட்டுள்ளது. ரெக்சாசின் கோட்டை அவன் வரையவில்லை. அங்கே யார் வரைந்தார் என்பதுகூட அவனுக்குத் தெரியாதிருக்கலாம். கிறீன்ஸ்பறோ வளாகத்தின் மாணவனைப் போலவே அவனும் வாக்களிப்பான். அவனது வாக்கும் பிழையின்றி எண்ணப்படும்.